படத்தில் இல்லாத முறம்

அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது மோசமான படம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பார்த்துவிட்டுக் குறை சொல்ல யாருக்கும் வரும். நான் பார்க்காமலே, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் அதைக் கிழி கிழியென்று கிழித்தேன். காரணம் சின்னதுதான். எங்கள் நாடகத்தை அவர்கள் படமாக எடுத்துவிட்டார்கள். அதிலும், நான் போடுகிற வேஷத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் நாடகம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். என் அப்பா காலத்திலிருந்தே கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடத்திய பழைய சிரிப்பு நாடகம் அது. எங்கள் ஜில்லாவில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு, பாதி வசனமாவது சொல்லத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் கம்பெனிகள் வருவது நின்ற பிறகு, ஆவூர்ப் பக்கத்தில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நாங்கள்தான் வருஷா வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் அதைப் போட்டு வந்தோம். எட்டு வருஷம் போட்டால் அது நம்முடையது ஆகாதா?

கதை இவ்வளவுதான். ஒரு மகா கஞ்சன். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், "நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பரண் மேல் ஏறி ஒளிந்துகொள்கிறான். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, வந்தவர்களை உட்காரவைத்து, அவன் ஒளித்துவைத்த அரிசி, நெய், வெல்லம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தடபுடலாக விருந்து வைக்கிறாள். மேலே இருப்பவனால் இறங்கவும் முடியாது, கத்தவும் முடியாது. எங்கள் தலைமை ஆசிரியர்தான் கஞ்சன். நல்ல பாரி உடம்பு. அவர் ஏறியதும் பரண் போடுகிற சத்தத்துக்கே கூட்டம் பாதி சிரித்துவிடும். மீதி பாதிச் சிரிப்பு என்னுடையது. நான்தான் மனைவி.

என் வேஷத்தின் உயிர் ஒரு முறத்தில் இருந்தது. விருந்துக்கு அரிசி புடைக்கிற சாக்கில், காலை நீட்டி உட்கார்ந்து, புருஷனின் பெருமைகளை விருந்தாளிகளிடம் அவள் எடுத்துவிடுகிற இடம் அது. வசனம் பழைய வசனம், செய்கை நானே கண்டுபிடித்தது. முந்தானையை இரண்டு தரம் உதறி இடுப்பில் செருகுவேன். அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டுவேன். ஒரு குறையைச் சொல்வேன். சொல்லி முடித்ததும் தலையை இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டி, கல்லைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, முறத்தை ஒரு தட்டுத் தட்டுவேன். ஒரு குறைக்கு ஒரு கல். நாலாவது கல்லில் எங்கள் பங்குச் சாமியார் அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இந்தச் செய்கையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கலை தானாக வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிக்கொண்டு நடித்தது என் ஆத்தாளுடைய பழைய சுங்கடிச் சேலை. கேட்டால் புலம்பிக்கொண்டே பெட்டியிலிருந்து எடுத்துத் தருவாள். ஆனால் நாடகம் பார்க்க ஒரு வருஷமும் வந்ததில்லை.

"நான் பெத்தது ஆம்பளப் பிள்ளை. அதைச் சேலையில பாக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?" என்பாள்.

அந்த வருஷம் பொங்கல் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. பொன்னமராவதிப் பக்கத்துப் பெண். நல்ல பெண், சுறுசுறுப்பு, மரியாதை, சமையல் எல்லாவற்றிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான். அவள் சிரிக்கவில்லை.

முதல் வாரம் புது இடம், கூச்சம் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் தலைமை ஆசிரியர் இட்லி சாப்பிடுவதைச் செய்து காட்டினேன். பார்த்தாள். "பாவம், பசியா இருந்திருக்குமுங்க" என்றாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு சேர்ந்து விழுந்த கதையைச் சொன்னேன். அந்தக் கதைக்குச் சிரிக்காத ஆள் எங்கள் தாலுகாவில் கிடையாது. "அடி பட்டுச்சுங்களா?" என்று கேட்டாள். நான் வெறுத்துப்போய் வெளியே வந்துவிட்டேன்.

கடைசியில் என்னிடமிருந்த பெரிய ஆயுதத்தையே எடுத்தேன். ஒரு சனிக்கிழமை காலை, கொல்லையில் அவள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் முறத்தை எடுத்துக்கொண்டு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தேன். துண்டை இரண்டு தரம் உதறிச் செருகினேன். ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் அடுப்படி வாசல். அங்கே ஆத்தா ஏதோ வேலையாக இருந்தாள். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், என் தோளுக்கு மேலாக அடுப்படியை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அடுப்புல பால் இருக்குங்க" என்று எழுந்து ஓடிவிட்டாள். உரிக்காத வெங்காயமும் நானும் மிச்சம்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பயம் வந்தது. சேலை கட்டி ஆடுகிற ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று இவள் வெட்கப்படுகிறாளோ? பெண் பார்க்கப் போனபோது வாத்தியார் என்று சொன்னார்களே தவிர, வருஷத்துக்கு ஒருநாள் ஸ்திரீ பார்ட் போடுகிறவன் என்று அவள் அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் வேறு, "என்ன சார், ஊரையே சிரிக்க வைக்கிறீங்க, வீட்டம்மாவுக்கு வயிறு புண்ணாயிருக்குமே?" என்று விசாரித்தார். ஆமாம் சார் என்று பல்லைக் காட்டினேன். அந்த மாதிரி ஒரு பொய்யை நான் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

இந்த நிலைமையில்தான் படம் புதுக்கோட்டைக்கு வந்தது. வந்தது எப்போது? தபசு காலத்து முதல் வாரத்தில். பாஸ்கு என்கிற ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் எங்கள் ஊரில் கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, கோயிலில் மணிகூட அடக்கித்தான் அடிப்பார்கள். சினிமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாமியார் பிரசங்கத்தில், "சில பேருடைய மனசு சிலுவைப் பாதையில் இல்லை, புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எங்கள் பெஞ்சைப் பார்த்தார்.

மனசு அங்கேதான் இருந்தது. மூன்று நாள் திட்டிய வாயால் நான் அந்தப் படம் நாற்பது நாள் தாங்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு ஒரு யோசனை பிறந்திருந்தது. சினிமாக்காரர்களே மெனக்கெட்டு எடுத்திருக்கிற நாடகம், ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு பார்க்கிற நாடகம் என்று அவள் கண்ணால் பார்த்தால், என் வேஷம் கேவலமில்லை என்று தெரிந்துபோகும். கொட்டகையே சிரிக்கும்போது அவள் மட்டும் எப்படிச் சிரிக்காமல் இருப்பாள்?

தினமும் சாயங்காலம் புதுக்கோட்டையிலிருந்து வருகிற பஸ்ஸை நானும் தலைமை ஆசிரியரும் ரோட்டோரம் நின்று எதிர்பார்ப்போம். கண்டக்டர் எங்களைக் கண்டதும் படியில் நின்றபடியே சத்தம் போடுவார்.

"ஓடுதுங்க சார்! கூட்டம் தாங்கலை!"

படம் ஓடுகிறதே என்று சந்தோஷமாக இருக்கும். நான் இல்லாமலே ஓடுகிறதே என்று வயிறும் எரியும். இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவேன்.

படம் தாங்கிவிட்டது. பாஸ்கு ஞாயிறு, விடியற்காலைப் பூசை முடிந்து, நாற்பது நாள் கழித்துக் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, மேட்னிக்குப் போவதென்று வாத்தியார்கள் குடும்பம் குடும்பமாக ஏற்பாடு செய்தோம். நான் வீட்டில் மெதுவாகச் சொன்னேன். ஆத்தா கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"புதுப் பொண்ணை ஒத்தையில சினிமாக் கொட்டகைக்கா கூட்டிக்கிட்டுப் போறே? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க? நானும் வாரேன்."

"ஆத்தா, நீ நாடகத்துக்கே வந்ததில்லையே?"

"நாடகத்துல நீ இருப்பே. படத்துல நீ இல்லையில்ல?"

ஆத்தா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். படத்தில் ஏதாவது ஏடாகூடமாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்வதற்கு.

கொட்டகைக்குள் போன பிறகுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவே நெஞ்சு உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. என் மனைவியும் ஆத்தாளும் அங்கிட்டு, நான் இங்கிட்டு. சரி, முகம் பார்க்க முடியாவிட்டால் போகிறது, காது இருக்கிறதே என்று தடுப்பை ஒட்டி இடம் பிடித்தேன். உட்கார்ந்த பிறகு இன்னொன்று தோன்றியது. அந்தப் பக்கம் இருநூறு பெண்கள். சிரிப்பார்கள். அதில் இவள் சிரிப்பு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான்தான் அதைக் கேட்டதே இல்லையே.

விளக்கை அணைத்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு குறை எண்ண ஆரம்பித்தேன். கஞ்சனை ஒல்லியாகப் போட்டிருந்தார்கள், தப்பு. வீட்டுக்கு மாடி வைத்திருந்தார்கள், தப்பு. பரணையே காணோம். தலைமை ஆசிரியர் என் காதில், "பரண் இல்லாம எங்க சார் ஏறுவான்?" என்று கவலைப்பட்டார். அவன் ஏறவில்லை. விருந்தாளிகளின் கார் சத்தம் கேட்டதும், கண்ணாடி வைத்த ஒரு பெரிய பீரோவுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

இது நாடகத்தில் இல்லாதது. நான் உதட்டைப் பிதுக்கத் தயாரானேன். அதற்குள் முதல் விருந்தாளி பீரோ முன்னால் வந்து நின்று, கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவத் தொடங்கினான். அவன் சீவி முடிக்க, இரண்டாவது ஆள் மீசையை முறுக்கினான். மூன்றாவது ஆள் பல்லில் மாட்டியிருந்ததை ஆற அமரக் குத்தி எடுத்தான். ஒவ்வொருத்தர் முகத்துக்கும் அரை அடி தூரத்தில், கதவு இடுக்கில், கஞ்சனின் ஒற்றைக் கண். எனக்குக் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. தலைமை ஆசிரியர் என் தொடையில் ஓங்கி அறைந்தார். வலிக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்த நடிகை வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கையும் காலும் தலையும் ஆட்டி எட்டு வருஷமாகச் செய்ததை, அவள் கண்ணால் மட்டும் செய்தாள். "உங்க வீட்டுக்காரர் தாராளமான மனுஷராமே?" என்று விருந்தாளி கேட்கிறான். அவள் பீரோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாயசத்தில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். பீரோ ஒரு முனகல் முனகியது. கொட்டகை இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. நான் பெஞ்சிலிருந்து பாதி சரிந்து, முன்னால் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பொறாமை போன இடம் தெரியவில்லை. எவ்வளவு அழகாகச் செய்கிறாள், இந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்று மனசார வாழ்த்தினேன். என் மனைவியின் சிரிப்பைக் கேட்க வந்தவன், அவள் இருப்பதையே ஒரு மணி நேரம் மறந்துபோனேன்.

ஆனாலும் எல்லோரும் ஒன்றுக்குக் காத்திருந்தோம். நெய் வந்துவிட்டது, வெல்லம் வந்துவிட்டது. இனி அரிசி வர வேண்டும், முறம் வர வேண்டும். முன் பெஞ்சுக்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "இப்ப வருது பாருங்க" என்று சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அடுப்படிக்குள் போனாள். திரும்பி வரும்போது ஒரு தோட்டத்து ஊஞ்சலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பெண்கள் பூக்கூடையோடு. பாட்டு முடிந்தது. பீரோக் கதவு திறந்தது, கஞ்சன் காலில் விழுந்தான், சுபம் என்று போட்டார்கள்.

கொட்டகையில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"முறம் எங்கய்யா?" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். நாலா பக்கமும் அதே கேள்வி. படம் எடுத்தவர்கள் விட்டிருப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முறம் இல்லாமல் இந்த நாடகமே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் ஆபரேட்டர்தான் சீக்கிரம் முடிப்பதற்காக ஒரு ரீலை விழுங்கிவிட்டான். "வெட்டிட்டான்! ரீலைப் போடச் சொல்லு!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். எனக்கும் கோபம் வந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியது நான்தான்.

கதவுகளையெல்லாம் திறந்துவிட்டார்கள். சாயங்கால வெயில் உள்ளே வந்தது. அடுத்த காட்சிக்கு வந்த கூட்டம் வாசலில் எட்டிப் பார்த்தது. ஆபரேட்டர் ரீல் டப்பாக்களை மடியில் அடுக்கிக்கொண்டு கீழே இறங்கிவந்து, எந்தச் சாமி மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்வதாகச் சொன்னான். மேனேஜர் திரைக்கு முன்னால் ஏறி நின்று கும்பிட்டார்.

"அவுங்க எடுத்தாத்தானுங்க நான் காட்ட முடியும்? தயவுசெஞ்சு எந்திரிங்க, அடுத்த ஷோவுக்கு ஆள் நிக்கிது."

"முறத்தைப் பாக்காமப் போகமாட்டோம்!"

அப்போது எங்கள் தலைமை ஆசிரியர் எழுந்தார். அந்த உடம்பு எழுந்தால் யாருக்கும் கண்ணில் படாமல் இருக்காது. வகுப்பறைக் குரலில், "இங்க பாருங்க, அந்த வேஷம் எட்டு வருஷமாப் போடுறவரு இந்தா இருக்காரு. அவரு அஞ்சு நிமிஷம் செஞ்சு காட்டட்டும். அப்புறம் எல்லாரும் கலைஞ்சு போயிருவோம்" என்றார். மேனேஜர் என் கையைப் பிடித்துவிட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எழுந்ததாக ஞாபகம். அதை யாரும் நம்பவில்லை.

வாசலில் வறுகடலை விற்கிற அம்மாளிடமிருந்து முறத்தைக் கடலையோடு வாங்கிக் கொடுத்தார்கள். திரைக்கு முன்னால் இருந்த மேடையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மேல்துண்டை மாராப்பாகப் போட்டு, இரண்டு தரம் உதறி, இடுப்பில் செருகினேன். அதற்கே ஆண்கள் பக்கம் விசிலடித்தது. ஒரு கடலையைத் தூக்கிப் பிடித்தேன்.

"கல்யாணத்தன்னிக்கு என் கழுத்துல போட்ட மாலையை, சாயங்காலமே கழட்டி அடுத்த தெருக் கல்யாணத்துக்குக் குடுத்துட்டாரு!"

தலையை இடது பக்கம் வெட்டினேன். கடலை தோளுக்குப் பின்னால் போய்த் திரையில் பட்டது. முறத்தில் ஒரு தட்டு. கடலைக்கார அம்மாள் வாசலிலிருந்து, "ஐயா, எறியாதீங்கய்யா!" என்று கத்தினாள். அதற்கும் சிரிப்பு. இரண்டாவது கடலை.

"எனக்குக் காச்சல்னா வைத்தியரைக் கூப்பிட மாட்டாரு. வைத்தியருக்குக் காச்சல் வந்தன்னிக்கு, அவரு குடிச்ச கஷாயத்துல மிச்சம் வாங்கியாந்தாரு!"

தலையை வெட்டி, கடலையை எறிந்தேன். அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. பெஞ்சு ஏதோ முறிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அது தொடர்ந்தது. குறுகிய வாய்க் குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் அடைத்து அடைத்துக் கொட்டுமே, அப்படி ஒரு சிரிப்பு. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் கொட்டும். மற்றவர்கள் தங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார்கள். நானும் பார்த்தேன். என் மனைவி. கண்ணில் தண்ணீர் ஓட, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அதையும் மீறிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பக்கத்தில் இருந்தவர் தொடையில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொடை என் ஆத்தாளுடையது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. மூன்று மாதப் பாரம் ஒரு நொடியில் இறங்கியது. மூன்றாவது கடலையைக் கையில் எடுத்தவன், வசனத்தை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஆத்தா எழுந்தாள்.

எழுந்து, முந்தானையை இரண்டு தரம் உதறினாள். இடுப்பில் செருகினாள். செபமாலையின் ஒரு மணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"எறங்குடா கீழே! திங்கிற பண்டத்தைப் போட்டு எறியிறே, நான் பெத்த பிள்ளையாடா நீ?"

தலையை இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டினாள்.

அப்புறம், "அட, ஒரிஜினல் இங்கயில்ல இருக்கு!" என்று தலைமை ஆசிரியர் போட்ட சத்தம். அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. படத்துக்குச் சிரித்தது ஒரு சிரிப்பே இல்லை. ஏன் சிரிக்கிறார்கள் என்று ஆத்தாளுக்குப் புரியவில்லை. கோபம் ஏறி, மறுபடியும் முந்தானையை உதறினாள், மறுபடியும் தலையை வெட்டினாள். எழுந்த நான் என்ன செய்தேன்? துண்டை இரண்டு தரம் உதறிச் செருகினேன். செருகிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷமாக நான் கண்டுபிடித்ததாக நினைத்திருந்த கலை மொத்தமும் தடுப்புக்கு அந்தப் பக்கம் செபமாலையோடு நின்றுகொண்டிருந்தது.

என் மனைவி நிற்கவே முடியாமல் ஆத்தாள் மடி இருந்த இடத்தில் சரிந்து பெஞ்சில் கிடந்தாள். ஆத்தா குனிந்து அவளைப் பார்த்தாள். கையை ஓங்கினாள். போச்சு, இன்றோடு குடும்பம் முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் கை அவள் முதுகில் இறங்கித் தடவிக் கொடுத்தது.

"மூச்சை விடுடி. புரையேறிக்கப் போகுது."

பஸ்ஸில் ஆத்தா செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். பின்னால் பெண்கள் சீட்டிலிருந்து அவ்வப்போது ஒரு விக்கல் மட்டும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆத்தா வழக்கம்போல ராத்திரிச் சோற்றுக்கு அரிசியை முறத்தில் போட்டுக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு கல்லைப் பொறுக்கினாள். தூக்கினாள். கை அப்படியே நின்றது. அந்தக் கல்லையும் கையையும் வெகுநேரம் பார்த்தாள்.

"நான் இப்படியாடி செய்றேன்?"

என் மனைவி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது பதில் இல்லை, அந்தக் குடத்துச் சிரிப்பு. ஆத்தா அவளை முறைத்தாள். பிறகு, வேண்டுமென்றே, தலையை இடது பக்கம் வெட்டி, கல்லைத் தோளுக்குப் பின்னால் விட்டெறிந்தாள்.

"போதுமா?" என்று கேட்டாள். அவளுக்கும் உதட்டோரம் துடித்தது.

கொல்லையில் கை கழுவும்போது நான் என் மனைவியிடம் மூன்று மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நான் பொம்பள வேஷம் கட்டுறது ஒனக்கு வெக்கமா இருக்கா?"

அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

"அது வேஷமுங்களா? நீங்க தெனமும் காலையில துண்டை ஒதறுறதே அப்படித்தானே இருக்கு. நீங்க ஒண்ணு செய்வீங்க, அதையே அங்க அத்தை செஞ்சுக்கிட்டு இருப்பாங்க. அன்னிக்கு மொறத்தோட ஒக்காந்தீங்களே, ஒங்க முதுகுக்குப் பின்னாடி அத்தையும் கல்லைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் சிரிச்சு, யாரைப் பாத்துடி சிரிச்சேன்னு அத்தை கேட்டா என்ன சொல்றது? நாக்கைக் கடிச்சுக் கடிச்சே எனக்குப் புண்ணாப் போச்சுங்க."

நான் அங்கேயே வாளிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம் இவளைச் சிரிக்க வைக்க நான் பட்ட பாடு என்ன! சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு அதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு விழாவுக்குச் சுங்கடிச் சேலையை ஆத்தாளே எடுத்துவந்து, கொசுவம் சரியில்லை என்று திட்டித் தன் கையால் கட்டிவிட்டாள். பிறகு என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், சாமியாருக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். முறத்தோடு காலை நீட்டி உட்கார்ந்த எனக்கு எதிரே பார்த்தால் ஆத்தா. எட்டு வருஷ வசனம் ஒரு எழுத்துக்கூட வரவில்லை. வெறும் கையைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தேன். பரண் மேலிருந்து தலைமை ஆசிரியர் அடியெடுத்துக் கொடுத்ததும் காதில் ஏறவில்லை.

ஆத்தாளுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே முந்தானையை இரண்டு தரம் உதறினாள்.

"கல்லை எடுத்துக்கிட்டுக் காட்டுடா! வெறுங்கையை ஆட்டுனா யாரு சிரிப்பா?"

பக்கத்திலிருந்து அந்தக் குடம் கவிழ்ந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வசனம் வந்தது.